புதுசுக்கும் விலை, அறப்பழசுக்கும் விலை, நடுவில் கிடப்பதற்கு?

வாவிக்கரையான்

மட்டக்களப்புக் கல்லடியில் 1928இல் கட்டிய இரும்புப் பாலம் ஒன்றே இருந்த காலத்தில் அதை வாயாரப் புகழ்ந்த ஆளை நான் கண்டதில்லை. அந்தப் பக்கத்து பஸ் வந்து முடியும்வரை இந்தப் பக்கம் காத்துக் கிடக்க வேண்டும். வெயிலில் நின்று திட்டியவர்கள்தான் எல்லோரும். 2013இல் பக்கத்திலேயே புதுப் பாலம் திறந்தார்கள். இப்போது கலியாணப் படம் எடுக்கிற சோடிகள் தேடிப் போவது பழைய பாலத்தைத்தான். புதுப் பாலத்தில் வாகனம் ஓடுகிறது, அவ்வளவுதான்.

வீட்டிலும் இதே கதை. இருபது வருசத்து டிவியைச் சும்மா தருகிறேன் என்றாலும் பழைய இரும்பு வாங்கும் லொறிக்காரர் முகத்தைச் சுளிக்கிறார். அதே மனுசர் அம்மம்மாவின் பித்தளைத் தாம்பாளம் கண்ணில் பட்டதும் லொறியை நிறுத்திவிட்டு இறங்கி வருகிறார். அப்போ பழசு என்றால் மதிப்பில்லை என்பது பொய். புதுசு என்றால் மதிப்பு என்பதும் முழு உண்மையில்லை. நடுவயதில் கிடக்கும் சாமான்தான் அனாதை.

எனக்குள்ள கேள்வி இதுதான்: புதுமை என்பது தனியாக விலைபோகிற ஒரு சரக்கா? இல்லை, வேறு எதற்கோ கொடுக்கிற காசைத்தான் புதுமைக்குக் கொடுத்ததாகச் சொல்லிக்கொள்கிறோமா?

கராஜ்_கல்முனை

தம்பி, நான் கராஜ் வைத்திருக்கிறவன். பைக் வாங்க வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். முக்கால்வாசிப் பேர் முதலில் பார்ப்பது நம்பர் பிளேட்டின் எழுத்தை. எழுத்து பிந்தினது என்றால் பிந்திப் பதிந்த பைக், முகம் மலரும். அடுத்தது மீட்டர். மீட்டரைச் சுற்றிவிட அரை மணித்தியாலம் போதும் என்பது அவர்களுக்கும் தெரியும், ஆனாலும் பார்ப்பார்கள். மூன்றாவது பெயின்ட்.

நான் பார்ப்பது வேறு. எஞ்சின் மூடியின் போல்ட் தலைகளில் ஸ்பனர் கீறல் இருக்கிறதா? கஸ்கட் ஓரத்தில் சிவப்புச் சிலிக்கன் பிதுங்கி நிற்கிறதா? நின்றால் அந்த எஞ்சினை யாரோ திறந்திருக்கிறார்கள். காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, புகை நீலமாக வருகிறதா என்று பார்ப்பேன். வந்தால் ஒயில் எரிகிறது. பிறகு டாங்கியைக் கழற்றி அடியில் துரு பார்ப்பேன். கடற்கரை ஓரத்தில் நின்ற பைக் மேலே பளபளக்கும், அடியில் உப்புக்காத்து தின்று வைத்திருக்கும். கடலுக்குத் தூரமாக உகன பக்கம் ஓடிய பைக் வயது கூடினதாக இருந்தாலும் சேசி சுத்தமாக இருக்கும்.

இதையெல்லாம் பார்க்கத் தெரிந்தவனுக்கு எழுத்து தேவையில்லை. தெரியாதவன் எழுத்தை நம்பி காசைக் கொட்டுகிறான். என் கணக்கில் புதுமை என்பது பார்க்கத் தெரியாதவன் கட்டுகிற வரி.

பொருளியல்_பொடியன்

பாஸ் சொன்னதை வைத்து நோபல் பரிசே வாங்கியிருக்கிறார்கள். 1970இல் அமெரிக்கப் பொருளியலாளர் ஜோர்ஜ் அக்கர்லொவ் பழைய கார்ச் சந்தையை உதாரணம் காட்டி ஒரு கட்டுரை எழுதினார். விற்கிறவனுக்கு வண்டியின் குறை தெரியும், வாங்குகிறவனுக்குத் தெரியாது. எது நல்லது, எது சொத்தி என்று பிரிக்க முடியாததால் வாங்குகிறவன் எல்லாவற்றுக்கும் ஒரு நடுவிலைதான் சொல்வான். அந்த விலைக்குக் கொடுக்க நல்ல வண்டிக்காரனுக்கு மனம் வராது, அவன் விலகிவிடுவான். மிஞ்சுவதில் சொத்திகளின் பங்கு கூடும், விலை இன்னும் இறங்கும். ஷோரூமை விட்டு வெளியே வந்ததும் புது வண்டியின் விலை விழுவதற்கு இதுவும் ஒரு காரணம். "இவ்வளவு சீக்கிரம் ஏன் விற்கிறான்?" என்ற சந்தேகம் வந்துவிடுகிறது பாருங்கள்.

வாவிக்கரையான் சொல்லும் நடுவயதுச் சாமான் அந்தச் சந்தேகத்தில்தான் மாட்டிக்கிடக்கிறது. புதுசு இன்னும் யார் கையிலும் படவில்லை, அதனால் சந்தேகம் இல்லை. அறப்பழசு இவ்வளவு காலம் நின்று பிடித்ததே அதற்குச் சாட்சி. 2001இல் அக்கர்லொவுக்குப் பரிசு கொடுத்தார்கள்.

வாவிக்கரையான்

நல்ல விளக்கம். ஆனால் பாலத்தில் யாருக்கு என்ன சந்தேகம்? அங்கே ஒளிந்திருக்கிற எஞ்சின் இல்லையே. பிறகு 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்களே, அந்தக் காலத்தில் பழைய பைக்கின் விலை என்ன ஆனது? வாங்கினதைவிடக் கூட்டி விற்றவர்களை எனக்கே தெரியும். அத்தனை பேரும் திடீரென்று எஞ்சின் பார்க்கப் பழகிவிட்டார்களா?

கராஜ்_கல்முனை

இல்லை. வேறு வழியில்லை, அதுதான். பொருள் இல்லை, ரூபாயும் விழுந்தது, விலை ஏறினது. அந்த அஞ்சு வருசமும் என்னிடம் "பாஸ், ஒருக்கா வந்து பார்த்துத் தாங்க" என்று கூப்பிட்டவர்கள் முன்னையைவிட எத்தனையோ மடங்கு. 2025 பெப்ரவரியில் இறக்குமதி திறந்தது. புது பைக்கின் விலை தலைக்கு மேல் நிற்பதால் இன்னும் கூப்பிடுகிறார்கள். புதுசை வாங்க முடியாமல் போன பிறகுதான் சனம் பார்க்கப் பழகினது.

வட்டைக்காரன்

பைக்கையும் பாலத்தையும் விடுங்கள், நெல்லுக்கு வாருங்கள். வாவிக்கு மேற்கே வயல் ஊர்கள் இருக்கிற படுவான்கரையில் பிறந்தவன் என்ற உரிமையில் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

தைப்பூசத்தையொட்டிப் புதிர் எடுக்கிறோம். நல்ல நேரம் பார்த்து முதல் கதிரை அறுத்து வந்து, குத்தி, அந்த அரிசியில் பொங்கிப் படைத்து, வீட்டோடு இருந்து சாப்பிடுகிறோம். புது அரிசியில் ஒரு மணம், ஒரு இனிப்பு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதே அரிசியை மறுநாள் மத்தியானச் சோற்றுக்குப் போட்டால் வீட்டுக்காரி முணுமுணுப்பா. ஈரம் காயாத அரிசி குழையும், கையில் ஒட்டும், உலை வைத்த அளவுக்குப் பெருகாது. சில மாதம் கிடந்த அரிசி தண்ணியை நன்றாக இழுக்கும், சோறு உதிரியாக விழும், கூடுதலாகவும் காணும். கடைக்காரர் "பழைய அரிசி" என்று கூட்டி விற்பது சும்மா இல்லை.

மறுகா அதே நெல்லை விதைக்கு எடுங்கள், கணக்கு தலைகீழ். நம்முடைய சூட்டிலும் ஈரக்காத்திலும் ஒரு வருசத்துக்கு மேல் கிடந்த விதைநெல்லின் முளைப்பு விழுந்துவிடும். அதற்காக அறுத்த கையோடு விதைத்தாலும் சில இனம் முளைக்காது, உறக்கம் தெளியச் சில கிழமை வேண்டும். ஒரே மூடை நெல். சாமிக்குப் புதுசு, சட்டிக்குப் பழசு, வயலுக்கு இரண்டும் இல்லாத நடுவயது. நடுவயது அனாதை என்ற கதையை வயலுக்குள் வந்து சொல்லாதீர்கள்.

நெல்லினத்திலும் இப்படித்தான். 1950களின் கடைசியில் எச்-4 வந்தபோது அதுதான் புதுசு. இன்றைக்கு அதைத் தேடிப்பிடித்து யாராவது கொஞ்சம் விதைத்தால் பழைய இனம் என்கிறார்கள். பத்தலகொட நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1975இல் வந்த பிஜி 94-1 ஐம்பது வருசத்துக்குப் பிறகும் இங்கே வயலில் நிற்கிறது. அதற்குப் பிறகு எத்தனை இனம் வந்து போய்விட்டது. அது நிற்பது பழசு என்பதால் இல்லை. எந்த வயலில் எப்படி விளையும், எந்த ஆலையில் எப்படிக் குத்துப்படும் என்று எல்லோருக்கும் அத்துப்படி.

பச்சைப்பெருமாள், சுவந்தெல் இப்போது கொழும்புக் கடைகளில் சின்னப் பைக்கற்றில் என்ன விலைக்குப் போகிறது என்று பாருங்கள். என் அப்பா காலத்தில் "விளைச்சல் காணாது" என்று கைவிட்ட நெல் அது.

மருதமுனைத்தறி

காக்காமார் எல்லோரும் வாங்குகிறவர்களின் பக்கத்திலிருந்தே பேசுகிறீர்கள். புதுசைச் செய்கிறவனுக்கு என்ன செலவு என்று யாரும் கேட்கவில்லையே.

பெருநாள் நெருங்கினால் கடைக்காரர்கள் எங்களிடம் கேட்பது ஒன்றுதான்: "போன வருசத்து டிசைன் வேண்டாம், புதுசு தாங்க." புது டிசைன் என்றால் நூலை வேறு நிறத்தில் போட்டால் முடிந்தது என்று நினைக்கிறார்கள். பாவு, அதுதான் நீளவாட்டு நூல், புதுசாக ஓட்ட வேண்டும். எந்த நிறம் எத்தனை இழை என்று எண்ணி வைக்க வேண்டும். ஓர் இழை தப்பினால் கோடு சேலை முழுக்கத் தப்பி ஓடும். தறியில் ஏற்றினபிறகு முதலில் இறங்குகிற துண்டுகளில் கரை சுருங்கும், நிறம் எதிர்பார்த்தபடி வராது. அந்தத் துண்டுகளை விலைக்குக் கொடுக்க முடியாது, வீட்டில்தான் கிடக்கும். நாலைந்து சேலை போனபிறகு கையும் காலும் பழகும், அப்புறம்தான் தறி இழுத்தபடி ஓடும். அந்த டிசைனில் நான் நெய்த ஆகச் சிறந்த சேலை கடைசியாக இறங்கினதாகத்தான் இருக்கும். அது இறங்கும் நேரம் கடையில் அது பழசு.

இதற்கிடையில் விசைத்தறிக்காரன் அதைப் பார்த்து அடித்து, பாதி விலைக்குக் கொண்டுவந்து தொங்கவிடுவான். எனக்கு அடுத்த டிசைன் போட வேண்டி வரும்.

இன்னொன்று. எங்கள் சாறனை வாங்குகிறவர்கள் கடையில் விரல் வைத்துத் தடவி "மொரமொரப்பா இருக்கு, புதுசு" என்று சந்தோசப்படுகிறார்கள். அந்த மொரமொரப்பு கஞ்சி. பத்துத் தரம் துவைத்து கஞ்சி போனபிறகுதான் நூல் விரிந்து உடம்போடு ஒட்டும். கைத்தறியின் சுகம் அங்கேதான் தொடங்குகிறது. எங்கள் வாப்பா புதுச் சாறனைப் பெருநாள் தொழுகைக்கு உடுப்பார், நித்திரைக்குப் பழசைத்தான் தேடுவார்.

பொருளியல்_பொடியன்

கடைசி வரி முக்கியம். பெருநாள் சாறனும் புதிர் அரிசியும் ஒரே வகை. அங்கே யாரும் தரம் பார்ப்பதில்லை, சந்தேகமும் இல்லை. "முதல் தடவை" என்பதுதான் அங்கே பெறுமதி. அக்கர்லொவின் கணக்குக்குள் அது அடங்காது. ஆக, புதுமை இரண்டு சாதி என்று பிரிக்கலாமா? குறை ஒளிந்திருக்காது என்ற நம்பிக்கைக்காக வாங்குகிற புதுமை ஒன்று, யார் கையும் படாதது என்பதற்காக வேண்டுகிற புதுமை மற்றது.

எழுவான்

மூன்றாவது சாதியும் உண்டு, கூத்துக்கு வாருங்கள். ஆட்டமுறை வடமோடியோ தென்மோடியோ, கதை எல்லோருக்கும் தெரிந்தது. அபிமன்யு சாவான் என்று தெரிந்துதான் விடியவிடிய வட்டக்களரியைச் சுற்றிக் குந்தியிருக்கிறார்கள். கதையில் புதுசு ஒன்றுமில்லை, தாளக்கட்டிலும் இல்லை. ஆனால் ஆடுகிறவர்களுக்குப் பாத்திரம் பிரித்துச் சட்டம் கொடுக்கிற நாளிலிருந்தே ஊரில் பேச்சு "இந்தமுறை அருச்சுனனுக்கு யார்?" என்பதுதான். மாதக்கணக்காகப் பழகி, சதங்கை அணிந்து, அடுக்குப் பார்த்து, அதாவது கடைசி ஒத்திகையும் முடித்து, அரங்கேற்றத்தில் அந்தப் பொடியன் வரவுத்தாளத்துக்குக் களரிக்குள் இறங்குகிறான். கிழவிமார் உடனே அவனுடைய மாமன் முந்தி ஆடினதோடு ஒப்பிடத் தொடங்குவார்கள். "காலடி பிந்துது, ஆனா குரல் இருக்கு" என்று ஒரு தீர்ப்பு வரும். மாமனின் ஆட்டத்தைக் காணாதவனுக்கு மருமகனின் ஆட்டத்தில் எது புதுசு என்று எப்படித் தெரியும்? பழசை அறிந்தவனுக்கு மட்டுமே தெரிகிற புதுமை இது. புதுமை பார்க்கத் தெரியாதவன் கட்டுகிற வரி என்று கராஜ் பாஸ் சொன்னாரே, இங்கே அது தலைகீழ்.

வாவிக்கரையான்

அப்படியானால் 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தைச் சுருக்கிப் படச்சட்ட மேடைக்குக் கொண்டுபோனதை எந்தச் சாதியில் வைப்பீர்கள்? விடியவிடிய ஆடினதை ஓரிரு மணித்தியாலத்துக்குள் அடக்கி, பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு ஆடவைத்தார். அதுவரை கூத்து என்றால் படிக்காதவர்களின் ஆட்டம் என்று ஒதுக்கிய படித்த கூட்டம் அதன்பிறகுதான் திரும்பிப் பார்த்தது. பழசு மதிப்புப் பெற்றதே புது உடுப்பு போட்டதால்தான்.

எழுவான்

படித்தவர்களிடம் மதிப்புப் பெற்றது, ஒத்துக்கொள்கிறேன். அந்த முயற்சி நடக்காவிட்டால் இன்றைக்குக் கூத்தைப் பற்றிப் பல்கலைக்கழகங்களில் பேச்சே இருந்திராது. ஆனால் ஊரில் கூத்துப் பழக்குகிற அண்ணாவியாருக்கு இருந்த மதிப்பு பேராதனையிலிருந்து வந்ததில்லை, அது முன்னமே இருந்தது. மேடைக்குப் போனபோது ஒன்று கழன்றுவிட்டது: ஒப்பிடத் தெரிந்த கிழவிமார். மண்டபத்தில் இருக்கிறவருக்கு எல்லாமே முதல் தடவை. அழகு என்று கைதட்டுவார், காலடி பிந்தினது தெரியாது.

இதற்கு மேல் இதை இழுத்தால் இந்த உரையாடல் இழை கூத்து இழையாகிவிடும், தனியாகத் தொடங்குங்கள், வருகிறேன்.

நெறியாளர்

இடையில் வந்த "ஸ்கூட்டர் விற்பனைக்கு" பதிவை நீக்கியிருக்கிறேன். விற்பனைக்குத் தனிப் பகுதி இருக்கிறது. தொடருங்கள்.

நிலைவாசல்

இவ்வளவு நேரமும் ஆண்கள் பைக், நெல், கூத்து என்று சுற்றிவிட்டீர்கள். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் புதுசுக்குக் கொடுக்கிற ஆகப் பெரிய விலை எது என்று ஒருத்தரும் சொல்லவில்லை. சீதன வீடு.

தமிழரோ முஸ்லிமோ, பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். முந்தி தாயின் வீடு மூத்தவளுக்குப் போகும், பெற்றோர் அதே வளவில் ஒரு சின்ன வீட்டுக்கு ஒதுங்கி, அடுத்தவளுக்குக் கட்டத் தொடங்குவார்கள். இப்போது மூத்தவளுக்கும் புது வீடு கேட்கிறார்கள். எங்கள் அம்மாவின் வீடு தாத்தா கட்டினது. முதிரை மரத்தில் நிலை, அகலக் கதவு இரண்டு பலகை, பித்தளைத் தாழ்ப்பாள் விரல் பட்ட இடத்தில் மட்டும் தேய்ந்து மஞ்சளாக மினுங்கும். கோடையில் மின்விசிறி இல்லாமல் உள்ளே இருக்கலாம். என்னைப் பார்க்க வந்தவர்கள் அந்தக் கதவால்தான் உள்ளே வந்தார்கள், நிலத்தைப் பார்த்தார்கள், "டைல்ஸ் போடலயா?" என்றார்கள். கடைசியில் அம்மாவும் அப்பாவும் கடன்பட்டுப் பக்கத்து வளவில் எனக்குப் புது வீடு கட்டித் தந்தார்கள். தகரம் போட்ட வீடு, பகலில் அடுப்புக்குள் இருக்கிற மாதிரி. பழைய வீட்டைப் பிரித்தபோது கதவையும் நிலையையும் ஒரு வியாபாரி விறகு விலைக்கு மேலே கொஞ்சம் வைத்து வாங்கிப் போனார். பிறகு அதே சோடிக் கதவைக் கடற்கரை ஓட்டல் ஒன்றின் வரவேற்பறையில் கண்டேன். தாழ்ப்பாளை மினுக்கிப் பூட்டியிருந்தார்கள்.

பொருளியல் தம்பி, உங்கள் கணக்கில் இதற்குப் பதில் சொல்லுங்கள். வீடு கண்ணுக்கு முன்னாலே நிற்கிறது, சுவரைத் தட்டிப் பார்க்கலாம், கூரையில் ஏறிப் பார்க்கலாம். ஒளிந்திருக்கிற குறை என்ன?

பொருளியல்_பொடியன்

அக்கா, 2001இல் அக்கர்லொவோடு பரிசைப் பகிர்ந்தவர்களில் மைக்கேல் ஸ்பென்ஸ் என்பவர் ஒருவர். கண்ணுக்குத் தெரியாத தகுதியைக் காட்ட, செலவு பிடிக்கிற ஒரு அடையாளத்தை ஆட்கள் தேடிக்கொள்வார்கள் என்பது அவருடைய வாதம். மாப்பிள்ளை வீட்டார் வீட்டைச் சோதிக்கவில்லை. உங்கள் அப்பாவின் கையில் எவ்வளவு இருக்கிறது, பெண்ணுக்காக எவ்வளவு தூரம் போவார் என்பதைச் சோதிக்கிறார்கள். தாத்தா கட்டின வீடு அதைக் காட்டாது, அது சும்மா வந்தது. புது வீடு காட்டும்.

நிலைவாசல்

பாதி சரி. மற்றப் பாதியை நான் சொல்கிறேன், ஏனென்றால் என் தங்கச்சியின் கலியாணம் வேறு விதமாக நடந்தது.

பழைய வீடு என்றால் பழைய காணி உறுதி. தாத்தாவின் பெயரில் இருக்கும். அவருக்குப் பிள்ளைகள் ஆறு பேர், இரண்டு பேர் வெளிநாட்டில், ஒருவர் கையெழுத்து வைக்காமலே செத்துப்போனார். இடம்பெயர்ந்தபோது உறுதி தொலைந்த வீடுகள் எத்தனை? அரசாங்கம் பெர்மிட்டில் கொடுத்த காணியென்றால் நினைத்தபடி பிரித்து எழுதவும் முடியாது. "பழைய வீடு வேண்டாம்" என்று சொல்கிறவர்கள் பலருக்குப் பயம் சுவரைப் பற்றியதல்ல, நாளைக்கு ஒரு மாமா வந்து என் பங்கு எங்கே என்று கேட்பார் என்பதுதான். புதுக் காணி வாங்கி மகளின் பெயரில் புதுசாக எழுதினால் அந்த வில்லங்கம் இல்லை. கராஜ் அண்ணன் சொன்ன சிலிக்கன் மாதிரி, வீட்டுக்கும் திறந்த அடையாளம் உறுதியில்தான் இருக்கிறது.

தங்கச்சிக்கு வந்தவர்கள் பிரிக்காமல் நின்ற மற்ற வீட்டை, அம்மம்மாவின் வீட்டைக் கேட்டார்கள். முதல் நாளே உறுதியின் பிரதியை வாங்கிக்கொண்டு போய், நொத்தாரிசைக் கொண்டு காணிப் பதிவகத்தில் தேடவைத்தார்கள். வில்லங்கம் இல்லை என்று தெரிந்ததும் வயரிங்கை மாற்றி, குளியலறைக்கு மட்டும் டைல்ஸ் போட்டோம். அந்த வீட்டில்தான் இப்போது இருக்கிறாள்.

கராஜ்_கல்முனை

உண்மைதான் தங்கச்சி. பைக்குக்கும் முதலில் பதிவுப் புக்கைத்தான் பார்க்க வேண்டும், லீசிங் முடியாமல் விற்கிறவன் இருக்கிறான். எஞ்சின் கதையில் அதை விட்டுவிட்டேன்.

வட்டைக்காரன்

நிலைவாசல் மகள் சொன்னது நல்ல நியாயம், ஆனால் என் மகளின் கலியாணத்தில் செல்லவில்லை. எங்கள் உறுதி சுத்தம், என் தாய் உயிரோடு இருக்கும்போதே என் பெயருக்கு எழுதி, பதிந்து, வரியும் கட்டி வைத்திருக்கிறேன். பிரதியைக் காட்டினேன். மாப்பிள்ளை வீட்டார் அதை வாங்கிக் கூடப் பார்க்கவில்லை. என்னிடம் எவ்வளவு இருக்கிறது என்று சோதித்தார்கள் என்றும் சொல்ல முடியாது. என் வயலும் உழவு இயந்திரமும் ஊருக்கே தெரியும், மாப்பிள்ளையின் தகப்பன் என்னிடம்தான் விதைநெல் வாங்குகிறவர். எல்லாம் தெரிந்தும் புது வீடுதான் வேண்டும் என்றார்கள். வயலில் ஒரு துண்டை விற்றுக் கட்டினேன். பழைய வீட்டில் இப்போது நெல் மூடை கிடக்கிறது. இதை உங்கள் இரண்டு சாதியில் எதில் போடுவது என்று பொருளியல் தம்பிதான் சொல்ல வேண்டும்.